மாந்தையின் மெழுகும் பல்லின் பொன்முடியும்

பல்லை முத்துக்கு ஒப்பிடுவது தமிழ்ப் புலவர்களின் பழைய வழக்கு. அம்முத்தினால் உலகப் புகழ் பெற்ற கடல்களுள் ஒன்று மன்னார்க் குடா. சிலாவத்துறையிலும் அரிப்பிலும் சலாபம் கூடிய காலங்களில், வெறும் மணற்பரப்பாகக் கிடந்த கரை சில கிழமைகளுக்குள் ஒரு நகரமாக மாறிவிடும். குளிகாரரும் சம்மாட்டியாரும், வணிகரும் முத்துத் துளைப்போரும் நாலா திசைகளிலிருந்தும் வந்து குவிவர். 1905 ஆம் ஆண்டின் பெருஞ் சலாபம் இன்றும் நினைவு கூரப்படுவது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியோடு அப்பெருங் குளிப்புகள் ஓய்ந்துவிட்டன. உவமை மட்டும் ஓயவில்லை.

உவமை அழகியது, ஆயினும் முத்துக்கும் பல்லுக்குமிடையே ஒரு பெரிய வேற்றுமை உண்டு. சிப்பியின் மெல்லிய உடலில் வேண்டாத பொருளொன்று புகுந்துவிட்டால், சிப்பி அதைச் சுற்றிப் படலத்தின் மேற் படலமாகத் தன் ஒளிமிக்க சுண்ணத்தைப் படியவைக்கிறது. தன் புண்ணைத் தானே ஆற்றிக்கொள்ளும் அச்செயலின் விளைவே முத்து. மனிதப் பல்லுக்கு இப்பேறு கிடையாது. பல்லின் மேலுறையாகிய மிளிரி உடம்பிலுள்ள பொருள்கள் யாவற்றிலும் கடினமானது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் கனிப்பொருளால் ஆனது. ஆனால் அதை உருவாக்கும் உயிரணுக்கள், பல் முரசைக் கிழித்து வெளிவரும்போதே அழிந்துபோகின்றன. ஆகவே சிதைந்த மிளிரி மீண்டும் வளர்வதில்லை. சிப்பி தானே செய்துகொள்வதை மனிதனுக்கு வேறொருவன் செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது. அவ்வேறொருவன், வரலாற்றின் பெரும்பகுதியில், வைத்தியன் அல்லன், பொற்கொல்லனே ஆவன்.

இத்தாலி நாட்டில் உரோமருக்கு முன் வாழ்ந்த எத்துருஸ்கர், கிறிஸ்துவுக்கு முன் ஏழாம் நூற்றாண்டளவிலேயே, மெல்லிய பொற்பட்டிகளை வளைத்து அயற் பற்களோடு பொருத்தி, விழுந்த பல்லின் இடத்தை நிரப்பினர். உரோமரின் பன்னிரு பலகைச் சட்டம், பிணத்தோடு பொன்னைப் புதைத்தலாகாது என விதித்த இடத்திலும், பற்களைப் பிணைத்த பொன்னுக்கு மட்டும் விலக்களித்தது. நடு அமெரிக்காவில் மாயர் வாழ்ந்த நாட்டில், இன்றைய ஹொண்டுராசிலே கண்டெடுக்கப்பட்ட தாடையெலும்பு ஒன்றில், கீழ்முன்பற்கள் மூன்றின் இடத்தில் கடற்சிப்பித் துண்டுகள் செதுக்கிப் பதிக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகட்கு முற்பட்ட அத்தாடையிலே புலவரின் உவமை உண்மையாகிவிட்டது எனலாம். இந்தியாவிலோ, 1194 ஆம் ஆண்டளவில் போர்க்களத்தில் மாண்ட கன்னோசி மன்னன் சயச்சந்திரனின் உடல், பொற்கம்பியாற் பிணைத்த பற்களைக் கொண்டே அடையாளங் காணப்பட்டது என முஸ்லிம் வரலாற்றாசிரியர் எழுதிவைத்தனர்.

பல்லும் பொன்னும் வேறொரு வகையிலே சந்தித்த சம்பவமொன்று இலங்கையின் வடபகுதி வரலாற்றிலும் உண்டு. 1560 ஆம் ஆண்டில் போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனோ த பிறகன்சா யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்தான். மன்னார்க் கோட்டை எழுந்ததும் அவ்வாண்டிலேதான். அப்படையெடுப்பிற் கைப்பற்றிய பொருள்களுள் பொன்னிற் பதித்த பல் ஒன்றும் இருந்ததென்றும், புத்தர் பெருமானின் தந்ததாது எனக் கருதப்பட்ட அதனை மீட்கப் பெகு நாட்டரசன் பெருந்தொகை கொடுக்க முன்வந்தும், கோவாவிலே பேராயர் அதனை உரலிலிட்டு இடித்து எரித்தாரென்றும் போர்த்துக்கேய நூல்கள் கூறும். உண்மைத் தாது வேறிடத்திற் காக்கப்பட்டுப் பின்னர்க் கண்டியை அடைந்தது என்பது சிங்கள பௌத்த மரபின் உறுதியான கொள்கை.

இவையெல்லாம் பட்டியாக அடித்ததும் கம்பியாக இழுத்ததுமான பொன்னின் கதைகள். இப்பொற்பட்டிகள் விழுந்த பல்லின் இடத்தை மறைத்தன. உணவை அரைக்கும் தொழிலில் பெரிதும் உதவவில்லை. சிதைந்த பல்லின் எஞ்சிய பகுதியின் மேல், மேடுபள்ளம் அனைத்தும் மாறாமல் இறுகப் பொருந்தும் முடியொன்றை அமைக்கப் பொன்னை அடிப்பது போதாது, வார்த்தல் வேண்டும். அதற்குரிய வழியோ பல் வைத்தியர் கண்டறிவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சிற்பியரின் கையில் இருந்தது. அவ்வழிதான் மெழுகு வார்ப்பு.

மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலத்துக் கரையில் மாந்தை எனவும் மாதோட்டம் எனவும் வழங்கும் பழைய துறைமுகம் இருக்கிறது. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அங்கேயே உள்ளது. பாளி நூல்கள் இத்துறையை மகாதித்த என்னும். மதுரையிலிருந்து விசயனுக்கு மணமகளாக வந்த அரசகுமாரியோடு, பதினெண் தொழிற் குழுவினர் ஆயிரங் குடும்பத்தவர் வந்திறங்கிய துறையும் இதுவே என மகாவம்சம் கூறும். தேவதச்சன் துவட்டா இங்கே தவஞ் செய்ததனால் மாதுவட்டாபுரம் எனப் பெயர் பெற்றது என்பது தலபுராணச் செய்தி. தம் முன்னோர் மாந்தையிலே காந்தக் கோட்டை கட்டி வாழ்ந்தனர் என்று கம்மாளர் மரபுக் கதையும் சொல்லும். புராணம் வரலாறு ஆகாது. எனினும் சிங்களர், தமிழர் ஆகிய இரு சாராரின் பழங்கதைகளும் இவ்வொரு துறையையே கைவினைஞரோடு சேர்த்துச் சொல்வது கவனிக்கத் தக்கது.

மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த சான்றும் உண்டு. 1980 முதல் 1984 வரை யோன் காஸ்வெல் தலைமையில் நடைபெற்ற அகழாய்வில், சீனப் பீங்கானும் பாரசீகக் குடாப் பகுதியின் மட்பாண்டமும் ஒரே மேட்டிலிருந்து வெளிவந்தன. கீழ்த்திசைக் கடல்வழியும் மேற்றிசைக் கடல்வழியும் கூடிய சந்தை அது என்பது அதனாற் புலனாயிற்று. போர் மூண்டதனால் அவ்வாய்வு இடையில் நின்றது. அதன் அறிக்கை நூலாக வெளிவந்ததோ 2013 ஆம் ஆண்டிலேதான். சோழர் ஆட்சியில் இந்நகர் இராசராசபுரம் எனப் பெயர் கொண்டதையும், இராசராசனின் அதிகாரி ஒருவன் இங்கே இராசராசேச்சரம் என்னும் கோயிலை எடுப்பித்ததையும் கல்வெட்டு அறிவிக்கிறது.

அவ்விராசராசன் காலமே தமிழரின் மெழுகு வார்ப்புக் கலை உச்சத்தில் நின்ற காலம். தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகள், திருமேனிகளைக் கனமாக வார்த்தவை எனவும் பொள்ளலாக வார்த்தவை எனவும் பிரித்துக் குறிக்கும் அளவுக்கு அத்தொழில் நுட்பம் வளர்ந்திருந்தது. தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயுங் கலந்து இளக்கி, அதனால் உருவத்தை நகமும் விரலும் உட்பட முழுமையாகச் செய்வர். அதன்மேல் ஆற்று வண்டலை நுண்ணிய குழம்பாக்கிப் பூசுவர். உருவத்தின் நுண்மையை ஏந்திக்கொள்வது அம்முதற் பூச்சே. அடுத்தடுத்த பூச்சுகளில் மணல் சேர்ந்த களிமண் தடிப்பாக அமையும். நிழலில் உலர்த்திய பின் சூடேற்றினால் மெழுகு உருகி வழிந்தோடிவிடும். மெழுகு இருந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்ப்பர். ஆறிய பின் மண்ணை உடைத்தால் உருவம் வெளிவரும். மெழுகு ஒருமுறைதான், அச்சும் ஒருமுறைதான். ஆதலால் ஒரு வார்ப்பைப் போல் மற்றொரு வார்ப்பு இருப்பதில்லை.

இத்தொழிலில் அனுபவத்தோடு கணக்கும் இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் வழங்கும் மானசோல்லாசம் என்னும் வடமொழி நூல், மெழுகை முதலில் நிறுத்துப் பார்த்து, அதன் எடையைப்போல் வெள்ளியாயின் பன்னிரு மடங்கும் பொன்னாயின் பதினாறு மடங்கும் எடுக்குமாறு விதிக்கிறது. மெழுகு ஏறக்குறைய நீரின் அடர்த்தியே உடையது. வெள்ளி நீரைவிடப் பத்தரை மடங்கு அடர்த்தியுள்ளது; தூய பொன் பத்தொன்பது மடங்குக்கும் மேல். ஆனால் செம்பும் வெள்ளியும் கலந்த வார்ப்புப் பொன் பதினைந்து பதினாறு மடங்கு அளவில் நிற்கும். இருபதாம் நூற்றாண்டின் பல் தொழிற்கூடங்களில், மெழுகுப் பல்லின் எடையை உலோகத்தின் அடர்த்தியாற் பெருக்கித் தேவையான பொன்னைக் கணக்கிட்டனர். எண்ணூறு ஆண்டு இடைவெளியில் இரு கணக்குகளும் ஏறத்தாழ ஒன்றாகவே அமைந்தன.

1907 ஆம் ஆண்டு இக்கதையில் ஒரு திருப்புமுனை. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் இலங்கைத் தொல்பொருட் டிணைக்களத்தின் தலைவர் எச். சி. பி. பெல், பொலன்னறுவைச் சிவாலயமொன்றின் அருகே நடராசர் முதலிய வெண்கலத் திருமேனிகளை மண்ணிலிருந்து வெளிக்கொணர்ந்தார். 1908 இல் ஆனந்த குமாரசுவாமி மத்திய காலச் சிங்களக் கலைபற்றிய தமது பெருநூலை வெளியிட்டு, இந்நாட்டுக் கைவினைஞரின் தொழில்முறைகளை உலகறியச் செய்தார். அழியும் நிலையிலிருந்த ஒரு கலையை அறிஞர் இங்கே பதிவு செய்துகொண்டிருந்த அதே வேளையில், அமெரிக்காவில் அக்கலையே புதுப் பிறவி எடுத்தது. 1907 ஆம் ஆண்டு சனவரி 15 ஆந் தேதி, நியூயோர்க்கிலே பல் வைத்தியர் கூட்டமொன்றில், வில்லியம் தாகர்ட் என்பவர் மெழுகு வார்ப்பு முறையாற் பொன்னிரப்பிகளை வார்க்கும் வழியை விளக்கினார். குழி விழுந்த பல்லுக்கேற்ப மெழுகைச் செதுக்கி, அதைச் சாந்தினுட் புதைத்து, மெழுகை எரித்து நீக்கி, உருகிய பொன்னை நைத்திரசு ஒட்சைட்டு வாயுவின் அழுத்தத்தால் அச்சினுட் செலுத்துவது அவர் முறை. உரிமைப் பத்திரம் பெற்று ஏனைய வைத்தியரிடம் கட்டணங் கேட்கவும் அவர் முற்பட்டார். ஆயின் அயோவா மாநிலத்துப் பில்புறூக் என்பவர் 1897 ஆம் ஆண்டிலேயே இம்முறையைக் கையாண்டு விளக்கியிருந்தமை வழக்கு மன்றத்தில் வெளிப்பட, தாகர்ட்டின் உரிமை செல்லாதாயிற்று. இருவருக்கும் ஆயிரமாயிரம் ஆண்டுகள் முற்பட்ட சிற்பியர் எவரும் உரிமை கோரியதில்லை.

சிற்பியின் முறை அப்படியே பல்லுக்குப் பொருந்திவிட்டதா என்றால், இல்லை. உருகிய உலோகம் ஆறி உறையும்போது சுருங்கும். பொற்கலவைகளிற் சுருக்கம் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் இருக்கும். நூறு சென்ரிமீற்றர் உயரமான திருமேனி ஒன்றரைச் சென்ரிமீற்றர் சுருங்கினாலும் வணங்க வருபவர் எவருக்கும் குறை தெரியாது. பத்து மில்லிமீற்றர் அகலமான பல்முடியோ, மில்லிமீற்றரில் ஏழிலொரு பங்கு சுருங்கினாலும் பல்லின்மேல் இறங்கி அமராது. அமர்ந்தாலும் விளிம்பில் இடுக்கு நிற்கும். இடுக்கில் உணவு தங்கும். உணவு தங்கிய இடத்தில் முடிக்குள்ளே பல் அழுகும். வெளியே பொன் பளபளக்க உள்ளே பல் கெடுவதைவிட முடி இல்லாதிருப்பதே நன்று.

இச்சிக்கலைத் தீர்க்க வைத்தியரும் பௌதிக அறிஞரும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உழைத்தனர். உலோகம் சுருங்குவதைத் தடுக்க இயலாது. ஆகவே அது சுருங்கும் அளவுக்கு அச்சை முன்கூட்டியே விரியச் செய்தல் வேண்டும் என்பதே அவர்கள் கண்ட வழி. அச்சுச் சாந்தில் உறைசுண்ணத்தோடு சிலிக்காவைச் சேர்த்தனர். உறைசுண்ணம் இறுகும்போதே சிறிது விரியும். சிலிக்காவின் ஒரு வகையாகிய கிரிசுத்தோபலைற்று, இருநூறு முதல் இருநூற்றெழுபது பாகை வரையான வெப்பத்தில் தன் உள்ளமைப்பு மாறித் திடீரெனப் பெருக்கும். இவ்விரு விரிவும் சேர்ந்து பொன்னின் சுருக்கத்தைச் சரிக்கட்டும். அச்சைச் சூடேற்றுவதிலும் எல்லையுண்டு: எழுநூறு பாகையைத் தாண்டினால் உறைசுண்ணம் சிதைந்து கந்தக வாயு கிளம்பிப் பொன்னைக் கெடுக்கும். கவண்போற் சுழலும் பொறியின் வேகத்தால் உலோகத்தை அச்சினுட் செலுத்தும் வழக்கமும் நிலைத்தது. வண்டலும் மணலுங் கொண்டு சிற்பி தன் கைப்பழக்கத்தால் அமைத்த அச்சு, இவ்வாறு நிறுவையும் வெப்பமானியும் ஆளும் அச்சாயிற்று.

பொன்னிலும் கலப்பு வேண்டியிருந்தது. தூய பொன் மெல்லியது, கடித்தால் நெளியும். ஆகவே செம்பைக் கலந்து வலிமையும், வெள்ளியைக் கலந்து நிறச் சமனும், பிளாற்றினமோ பலேடியமோ கலந்து மேலும் உறுதியும் ஏற்றினர். தாலி செய்யும் தட்டார் பொன்னிற் செம்பு சேர்ப்பதும் இக்காரணம் பற்றியே. சிறு குழியை நிரப்ப மென்கலவை, முழு முடிக்கு வன்கலவை, பல பற்களைத் தாங்கும் பாலத்துக்கு மிக வன்கலவை என நால்வகையாக இக்கலவைகள் வகுக்கப்பட்டன.

ஆயின் பொன்னை எல்லாரும் வாங்க இயலுமோ? நீண்டகாலம் ஓர் அவுன்சு முப்பத்தைந்து டொலர் என அமெரிக்கா கட்டிவைத்திருந்த பொன்விலை 1971 ஆம் ஆண்டின் பின் கட்டறுந்து உயர்ந்தது. அப்பொழுது தொழிற்கூடங்கள் மலிவான உலோகங்களை நாடின. எல்வுட் ஹேன்ஸ் என்னும் அமெரிக்கர் கோபாற்றுக் குரோமியக் கலவைக்கு உரிமைப் பத்திரம் பெற்றதும் அதே 1907 ஆம் ஆண்டிலேதான். 1930 களிலேயே கழற்றி மாட்டும் பற்றொகுதிகளின் சட்டங்களுக்கு அவ்வகைக் கலவை பயன்படத் தொடங்கியிருந்தது. பின்னர் நிக்கற் குரோமியக் கலவை பல்முடிகளுக்கும் பரவியது. விலை குறைந்தது, வேறொரு விலை கூடியது. நிக்கல் சிலருடைய உடம்புக்கு ஒவ்வாது. உலோகம் இலகுவாக ஓடுவதற்கெனச் சில கலவைகளிற் சேர்த்த பெரிலியத்தின் தூசியோ, பல்லை அணிபவரைவிட அதை அராவித் தேய்க்கும் தொழிலாளியின் சுவாசப்பையையே தாக்கியது. ஒருவன் நன்றாக மெல்லுவதற்காக இன்னொருவன் மூச்சு முட்டுவதா என்னும் கேள்வி எழுந்தபின், தூசியுறிஞ்சும் பொறிகளும் பெரிலியமற்ற கலவைகளும் வந்தன.

இலங்கையில் மேனாட்டு முறைப் பல் வைத்தியக் கல்வி கொழும்பிலே தோன்றி, 1954 ஆம் ஆண்டிற் பேராதனைக்குச் சென்றது. மன்னார் போன்ற தொலைக் கரைகளிலோ, பல்லைப் பிடுங்குவதே நெடுங்காலம் பல் வைத்தியம் எனப்பட்டது. பொற்பல் கட்டியவரைச் செல்வர் எனப் பார்த்த காலமும் இருந்தது. அப்பொன் பல நேரங்களில் நோய்க்காக அன்றி நோக்குக்காகவே அணியப்பட்டது.

வார்ப்புப் பொன்னுக்குப் பின் வந்த உலோகங்களுள் ஒன்று மன்னாரை நேரே தொடுகிறது. அதுதான் தைத்தேனியம். சுவீடன் நாட்டு வைத்தியர் பிறானமார்க், 1950 களில் முயலின் எலும்பிற் பொருத்திய தைத்தேனியக் கருவியை மீட்டெடுக்க முயன்றபோது, எலும்பு அதனோடு பிரிக்க முடியாதபடி இணைந்திருக்கக் கண்டார். 1965 ஆம் ஆண்டில் மனிதத் தாடையிலே தைத்தேனிய வேரை ஊன்றி அதன்மேற் பல்லை அமைத்தார். அன்று தொட்டு, அயற் பற்களை அராவாமலே விழுந்த பல்லின் இடத்தில் வேரோடு பல்லை நிறுத்த முடிந்தது. இவ்வுலோகத்தைப் பழைய முறையில் வார்ப்பது அரிது. ஆயிரத்து அறுநூறு பாகைக்கு மேல் உருகும் இது, அந்நிலையில் ஒட்சிசனையும் அச்சின் சாந்தையும் பற்றிக்கொள்ளும். வெற்றிடத்திலோ ஆகன் வாயுவிலோதான் வார்க்கலாம். பெரும்பாலும் வார்க்காமற் பொறியாலேயே கடைந்தெடுப்பர்.

தைத்தேனியத்தின் தாதுக்களுள் முதன்மையானது இல்மனைற்று என்னும் கரிய மணல். இலங்கையின் கிழக்குக் கரையிற் புல்மோட்டையில் அது பல பத்தாண்டுகளாக அகழப்படுகிறது. மன்னார்த் தீவின் மணலிலும் அது உண்டு. அகழும் இல்மனைற்றிற் பெரும்பங்கு உலோகமாவதில்லை. சுவர்ப்பூச்சையும் பற்பசையையும் வெண்மையாக்கும் பொடியாகிறது. தாழ்ந்த மணற்றீவாகிய மன்னாரில் அம்மணலை அகழ்ந்தால், கடல்நீர் புகுந்து கிணறுகள் உவராகும் என்பது தீவு மக்களின் அச்சம். அகழ்வுத் திட்டங்களை எதிர்த்து அவர்கள் 2025 ஆம் ஆண்டிலும் வீதியில் இறங்கிப் போராடினர். பற்பசையின் வெண்மைக்கு விலை கடையிற் கொடுக்கும் காசு மட்டும்தானா என்பதே அவர்கள் கேள்வியின் உட்பொருள்.

முத்து வளம் ஒருகாலத்தில் அள்ளப்பட்ட கரை இது. அள்ளியவர் ஊர் போய்ச் சேர்ந்தனர். பாறைகளில் வெற்றுச் சிப்பி மிஞ்சியது. மாந்தையின் செல்வமும் பதினோராம் நூற்றாண்டளவிலே தேய்ந்து, மேடாகக் குவிந்தது. ஆனால் மாந்தைத் துறையில் வந்திறங்கியதாகச் சொல்லப்படும் கைவினைஞரின் அறிவு தேயவில்லை. மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகத்தை நிறைத்து உருவைக் காணும் அவ்வறிவு, கோயிலிலிருந்து வைத்தியசாலை வரை வந்து, பாமரரின் வாயிலும் உணவரைக்கும் பல்லாக நிற்கிறது. கணினி வரைந்து பொறி கடையும் வெண்பீங்கான் முடிகள் பெருகிவரும் இன்றும், மெழுகு வார்ப்பு பல் தொழிற்கூடங்களிலிருந்து விடைபெறவில்லை.

மிளிரியை மீண்டும் வளர்க்கும் வித்தையைச் சிப்பியிடமிருந்து மனிதன் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. பொன்னாயினும் தைத்தேனியமாயினும், இழந்ததற்கு ஈடாக வைப்பதே அன்றி இழந்ததே ஆகாது. காலையும் இரவும் பல்லைத் துலக்கி, இனிப்பையும் வெற்றிலைக் காரத்தையும் அளவோடு நிறுத்துபவனுக்குக் கொல்லன் உலையும் வேண்டியதில்லை. எவர் ஊர் மணலும் வேண்டியதில்லை.